நோயாளியும் வகுப்பில் இருக்கிறார்: மருத்துவத் துறை மாணவர்களுக்கு ஓர் ஆன்லைன் வகுப்பு வழிகாட்டி

ஆன்லைன் வகுப்பில் எப்படி நடந்துகொள்வது என்று யாரைக் கேட்டாலும், மைக்கை மியூட்டில் போடு, நேரத்துக்கு வா, ஒழுங்காக உடுத்திக்கொள் என்பார்கள். சரிதான். ஆனால் மருத்துவம், நர்ஸிங், பார்மசி, பிசியோதெரபி, பல் மருத்துவம் என்று எதைப் படித்தாலும் நம் வகுப்பில் இன்னொருவரும் உட்கார்ந்திருக்கிறார். அட்டெண்டன்ஸில் அவர் பெயர் இருக்காது. ஒரு எக்ஸ்ரேயாக, ஈசிஜி தாளாக, ஆறாத கால் புண்ணின் படமாக, "52 வயதுப் பெண், மூன்று நாளாக மூச்சுத் திணறல்" என்ற ஒற்றை வரியாக வந்து போவார். கணக்கியல் வகுப்பில் இப்படி ஓர் ஆள் கிடையாது. கீழே சொல்லியிருப்பதில் பாதிக்கு மேல் அவரை மனதில் வைத்துத்தான்.

இந்த வகுப்புகளில் மாணவனாகவும் உட்கார்ந்திருக்கிறேன், பாடமும் எடுத்திருக்கிறேன். இரண்டு பக்கத்துத் தவறுகளையும் செய்திருக்கிறேன். வகுப்புக்கு முந்தைய நாளில் தொடங்கி, வகுப்பு முடிந்து லேப்டாப்பை மூடுவது வரை வரிசையாகப் போவோம்.

1. முதல் நாளே முடிக்க வேண்டியவை

இது சீக்கிரம் முடிகிற வேலை. திரையில் தெரியும் பெயரை மாற்றுங்கள். தம்பியின் கேமிங் பெயரிலோ போன் மாடலின் பெயரிலோ உள்ளே வந்தால், ஆசிரியர் காத்திருப்பு அறையிலேயே உங்களை நிறுத்திவைப்பார். அதில் அவர் தவறு எதுவும் இல்லை. பெயரும் பதிவு எண்ணும் போதும். இன்னும் பட்டம் வாங்காதவர்கள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொள்ள வேண்டாம். விளையாட்டுக்குப் போட்டாலும், உண்மையான நோயாளி ஒருவர் இணையும் வகுப்பில் அது பொய்யாகிவிடும்.

லிங்க்கை வகுப்புக்கு வெளியே யாருக்கும் அனுப்பாதீர்கள். "என் ஃப்ரெண்டுக்கும் இந்த டாபிக் வேணுமாம்" என்று ஒருவர் அனுப்பினால், அன்று காட்டப்படும் கேஸ் படங்கள் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்குப் போய்விடும். நண்பருக்கு வேண்டுமானால் ஆசிரியரிடம் அனுமதி கேளுங்கள். அப்புறம், ஆப்பை அப்டேட் செய்வது, சார்ஜ் போடுவது, ஹெட்போனைச் சோதிப்பது எல்லாம் வகுப்புக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள்.

2. எங்கே உட்காருகிறீர்கள்

பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். அதைவிடப் பெரிய கேள்வி, உங்கள் திரையை யாரெல்லாம் பார்க்க முடியும் என்பது. தோல் நோய் வகுப்பில் பிறப்புறுப்புப் படம் வரும். தடயவியல் வகுப்பில் பிரேதம் வரும். நீங்கள் ஹாலில் உட்கார்ந்திருந்தால் ஐந்து வயதுக் குழந்தை பின்னால் வந்து நிற்கும். குழந்தைக்குப் பயம், படத்தில் இருப்பவருக்கு அவமானம். அவர் தன் உடலைப் படமெடுக்க ஒப்புக்கொண்டது மருத்துவப் படிப்புக்காக. உங்கள் வீட்டு விருந்தினர் பார்ப்பதற்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அதனால் முதுகு சுவரைப் பார்க்கும்படி உட்காருங்கள். அப்போதுதான் திரைக்கு எதிரே யாரும் வந்து நிற்க முடியாது. எல்லோருக்கும் தனி அறை இருக்காது என்பது தெரியும். ஒரே அறையில் நான்கு பேர் இருந்தால் ஹெட்போன் கட்டாயம், திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளலாம், கடினமான படங்கள் வரும்போது திரையில் வகுப்பு தெரியும் சன்னலைச் சுருக்கிக்கொள்ளலாம். பேருந்திலும் ஓட்டலிலும் உட்கார்ந்து கேஸ் விவாதம் கேட்பதைத் தவிர்த்துவிடுங்கள். விரிவுரை என்றால் பரவாயில்லை, காதில் மட்டும் கேட்டுக்கொள்ளலாம்.

விடுதியில் இரண்டு பேர் அடுத்தடுத்து உட்கார்ந்து ஒரே வகுப்பில் இணைந்தால், ஒருவரின் ஸ்பீக்கர் ஒலியை மற்றவரின் மைக் பிடித்து ஊளையிடும். அந்தக் கீச்சொலிக்குக் காரணம் நெட் அல்ல, நீங்கள்தான். இருவரும் ஹெட்போன் மாட்டுங்கள், அல்லது ஒரே கருவியில் பாருங்கள்.

3. மைக்: பேசுவதற்கு முன் ஒரு மூச்சு

நேரில் பேசும்போது ஒருவர் முடித்ததற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கும்? உலகின் பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, அது சராசரியாக ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்கு என்று கண்டது. நம் காது பழகியிருப்பது இந்த வேகத்துக்கு. ஆனால் உங்கள் குரல் இணையம் வழியாகப் போய்ச் சேரவே சில சமயம் அதே அளவு நேரம் ஆகிறது. அதனால்தான் இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்று தவிக்கிறோம். இதில் யாருக்கும் மரியாதை குறையவில்லை. பழைய வேகத்தைப் புதிய இடத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம், அவ்வளவுதான். ஒருவர் முடித்ததும் மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டுத் தொடங்குங்கள். கையுயர்த்தும் பொத்தான் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். பேசி முடித்ததும் கையை இறக்க மறக்காதீர்கள்.

உள்ளே வரும்போதே மியூட். ஸூமில் ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்திருக்கும்வரை மைக் திறந்திருக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். கூகுள் மீட்டில் கன்ட்ரோலையும் டி-யையும் சேர்த்து அழுத்தினால் மைக் மாறும். டீம்ஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எம். உங்கள் கை எந்த ஆப்பில் அதிகம் இருக்கிறதோ அதன் குறுக்குவழியை ஒரு வாரம் பழகினால் போதும்.

இன்னொன்று. நோயாளியின் பெயரைச் சொல்லிப் பேசும் பழக்கம் வார்டில் இருந்து வரும். "அந்த ஏழாம் பெட் அம்மா" என்று சொன்னாலும், அந்த வார்டில் போஸ்டிங் இருக்கும் பத்துப் பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். "இந்த நோயாளி" என்று சொல்லிப் பழகுங்கள்.

4. கேமரா: போடுவதா, வேண்டாமா

ஆசிரியர்களும் மாணவர்களும் அதிகம் முட்டிக்கொள்ளும் இடம் இது. என் கருத்து இரண்டு பக்கமும் சாயும்.

மாணவர்கள் சோம்பலால் கேமராவை அணைக்கிறார்கள் என்று ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர்களிடம் கேட்டு 2021-இல் வெளியிட்ட ஆய்வில் அதிகம் பேர் சொன்ன காரணம் தங்கள் தோற்றம் பற்றிய கூச்சம். பின்னணியில் வேறு ஆட்கள் தெரிவது, நெட் பலவீனம் எல்லாம் அதற்கு அடுத்துத்தான் வந்தன. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன், வீடியோ கூட்டங்கள் ஏன் இப்படிக் களைப்பைத் தருகின்றன என்பதற்கு நான்கு காரணங்களை எழுதினார்: மிக அருகில் ஓயாமல் முறைக்கும் முகங்கள், தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, நகர முடியாமல் கட்டிப்போடப்படுவது, தலையசைப்பு போன்ற சிறு குறிப்புகளைக்கூட முயன்று காட்டவும் படிக்கவும் வேண்டியிருப்பது. இரண்டாவதற்கு உடனடி மருந்து உண்டு. உங்கள் முகம் தெரியும் சதுரத்தை உங்கள் திரையில் மட்டும் மறைத்துவிடலாம். மற்றவர்களுக்கு நீங்கள் தெரிவீர்கள், உங்களுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்.

சரி, அப்படியானால் எப்போது போட வேண்டும்? விரிவுரைக்கு ஆசிரியர் கேட்டால் போடுங்கள். முடியாவிட்டால் முன்கூட்டியே ஒரு வரி அனுப்பிவிடுங்கள். "மேடம், இன்று நெட் சரியில்லை, கேமரா இல்லாமல் இருக்கிறேன்" என்றால் போதும், கதை வேண்டாம். சிறு குழு விவாதத்தில் போடுவது நல்லது. நீங்கள் பிரசன்ட் செய்யும்போது கண்டிப்பாகப் போடுங்கள்.

நோயாளி நேரலையில் இருக்கும் வகுப்பில் மட்டும் பேச்சுக்கே இடமில்லை. அவர் இருக்கும் இடத்திலிருந்து பாருங்கள். தன் மூலநோயைப் பற்றியோ மனச்சோர்வைப் பற்றியோ பேச ஒருவர் ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரே முப்பது கறுப்புச் சதுரங்கள். யார் கேட்கிறார்கள், யார் சிரிக்கிறார்கள், யார் அறையில் வேறு ஆள் இருக்கிறார் என்று எதுவும் அவருக்குத் தெரியாது. அந்த வகுப்பில் கேமரா, ஹெட்போன், மூடிய கதவு மூன்றும் இல்லாவிட்டால் இணையாமல் இருப்பதே மரியாதை. இடையில் யாராவது அறைக்குள் வந்துவிட்டால், "ஒரு நிமிடம் வெளியே போகிறேன்" என்று சாட்டில் போட்டுவிட்டு ஒலி, ஒளி இரண்டையும் நிறுத்துங்கள். அவர் பேசும்போது குனிந்து போனைப் பார்க்காதீர்கள். நேரில் நாற்பது பேருக்கு நடுவே ஒளிந்துகொள்ளலாம்; திரையில் உங்கள் முகம் அவருக்கு ஓர் அடி தூரத்தில் இருக்கிறது. நாளைக்குத் தொலைமருத்துவத்தில் நீங்கள் உட்காரப்போகும் நாற்காலிக்கும் இதுதான் பயிற்சி.

5. சாட்டில் கேள்வி கேட்பது

"சார், டயாபடிஸ் மறுபடி சொல்லுங்க" என்று ஒரு கேள்வி வரும். ஆசிரியர் எங்கிருந்து தொடங்குவார்? சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின் பற்றியும், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஈஜிஎஃப்ஆர் அளவு பற்றியும் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "மேடம், மெட்ஃபார்மின் ஸ்லைடில் ஈஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும் என்றீர்கள். 30-க்கும் 45-க்கும் நடுவில் இருப்பவருக்குப் புதிதாகத் தொடங்கலாமா?" எந்த இடம், எதுவரை புரிந்தது, எங்கே சிக்கல் என்று மூன்றும் வந்துவிட்டன. வார்டில் இருந்து சீனியருக்குப் போன் செய்வதற்கு எஸ்பார் முறை சொல்லித்தருவார்களே: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. அமெரிக்கக் கடற்படையிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்த முறை அது. அதையே சுருக்கி சாட்டிலும் பழகலாம். இரவு இரண்டு மணி டியூட்டியில் அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

தனிச் செய்தி அனுப்பும் முன், யாருக்கு என்ற பெட்டியை ஒரு முறை பாருங்கள். "இவர் எப்ப முடிப்பாரோ" என்று தோழிக்கு அனுப்பியது 'அனைவருக்கும்' போன கதை எல்லா பேட்ச்சிலும் ஒன்று இருக்கும்.

"எங்க அப்பாவுக்குப் போன வாரம் சர்க்கரை 320 சார், என்ன மாத்திரை கொடுக்கலாம்?" இதையும் பார்க்கிறேன். அக்கறை புரிகிறது. ஆனால் அப்பாவும் ஒரு நோயாளிதான். அவருடைய ரகசியத்தை அறுபது பேர் முன்னால் வைக்க அவர் சொல்லவில்லை. பார்க்காத ஆளுக்கு மருந்து சொல்லும் தர்மசங்கடத்தில் ஆசிரியரையும் தள்ளுகிறீர்கள். அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள்.

6. ஸ்கிரீன் ஷேரும் கேஸ் பிரசன்டேஷனும்

முதலில் என் தவறு. ஒரு வகுப்பில் அவசரத்தில் முழு டெஸ்க்டாப்பையும் ஷேர் செய்தேன். உடன் பணிபுரிபவரிடமிருந்து ஒரு செய்தி திரையின் மூலையில் எட்டிப் பார்த்தது: ஒரு நோயாளியின் பெயர், பக்கத்திலேயே அவருடைய பரிசோதனை முடிவு. இரண்டு நொடி இருந்திருக்கும். வகுப்பில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்தியது. அன்றிலிருந்து ஸ்லைடு இருக்கும் சன்னலை மட்டும் ஷேர் செய்கிறேன், அறிவிப்புகளை அணைக்கிறேன், மெசேஜ் ஆப்பை மூடிவிடுகிறேன்.

மாணவர்கள் அதிகம் சறுக்குவது ஸ்லைடுக்குள்ளேயே. முழங்கால் எக்ஸ்ரே ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேல் மூலையில் பெயர், வயது, தேதி, பதிவு எண். மாணவர் அதன்மேல் ஒரு கறுப்புப் பெட்டியை வரைந்து மூடுகிறார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம் அந்தக் கோப்பை குரூப்பில் போடுகிறார். திறக்கும் யாரும் அந்தப் பெட்டியை மவுஸால் இழுத்து ஓரம் தள்ளினால் பெயர் அப்படியே கீழே இருக்கிறது. படத்தை ஸ்லைடுக்குள் கிராப் செய்தாலும் இதே கதைதான்: வெட்டிய பகுதியை நிரந்தரமாக நீக்கச் சொல்லாதவரை அது கோப்புக்குள் ஒளிந்திருக்கும். சரியான வழி, ஸ்லைடில் சேர்ப்பதற்கு முன்பே படத்தை வேறு ஆப்பில் வெட்டி, புதிய படமாகச் சேமித்து, அதை மட்டும் சேர்ப்பது. ஸ்கேன்கள் மருத்துவப் படங்களுக்கான டைகாம் கோப்பாக வந்தால், படத்தில் எழுத்தே இல்லாவிட்டாலும் கோப்பின் உள்ளே நோயாளியின் விவரங்கள் இருக்கும். அதை அப்படியே யாருக்கும் அனுப்பக் கூடாது. போனில் எடுத்த படத்தில் எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கலாம்.

எதையெல்லாம் நீக்க வேண்டும்? நோயாளியின் தகவலைக் காக்கும் அமெரிக்காவின் ஹிப்பா விதிகளில் 18 அடையாளங்களின் பட்டியல் ஒன்று உண்டு. உங்கள் நாட்டுச் சட்டம் வேறாக இருந்தாலும் சரிபார்க்க வசதியான பட்டியல். பெயர், போன் எண், பதிவு எண், முகம் தெரியும் படம் எல்லாம் எவருக்கும் தோன்றும். தோன்றாதவை சில: ஆண்டைத் தவிர மற்ற தேதி விவரங்கள், ஊர் அளவிலான முகவரி, 89-க்கு மேற்பட்ட வயது. 94 வயது என்று சொன்னாலே ஒரு சிற்றூரில் ஆள் யாரென்று தெரிந்துவிடும். '90 அல்லது அதற்கு மேல்' என்று போடுங்கள். "கடந்த 14-ஆம் தேதி சேர்ந்தார்" என்பதை "முதல் நாள்" என்று மாற்றுங்கள். பாடம் குறையாது.

பட்டியலில் அடங்காத ஒன்றும் இருக்கிறது. "உள்ளூர்ப் பள்ளித் தலைமையாசிரியர், பாம்புக்கடி" என்றால் பெயர் எதற்கு? கதையே அடையாளம். தொழில், குடும்பம், விபத்து நடந்த விதம் ஆகியவற்றில் நோய் அறிவதற்குத் தேவையானதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதயச் சத்தத்தை ஷேர் செய்வதற்கும் ஒரு நாகரிகம் உண்டு, யாரும் சொல்லித்தருவதில்லை. முர்மர் (இதயத் துடிப்போடு சேர்ந்து கேட்கும் கூடுதல் இரைச்சல்) ஒன்றை ஸ்பீக்கரில் போட்டு மைக் வழியாகக் கேட்கவைத்தால் பெரும்பாலும் எதுவும் போய்ச் சேராது. பேச்சல்லாத எல்லாவற்றையும் இரைச்சல் என்று ஆப் வடிகட்டிவிடும். ஷேர் செய்யும்போது கணினி ஒலியையும் பகிரும் தேர்வை டிக் செய்யுங்கள். ஸ்டெதஸ்கோப்பை மைக்கில் வைத்துக் காட்டுவதாக இருந்தால் ஸூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' அமைப்பைப் போடுங்கள். கேட்பவர்கள் ஹெட்போன் மாட்டட்டும். இதய ஒலிகளின் பெரும்பகுதி 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. போன் ஸ்பீக்கரில் அது எழும்பாது. "எனக்குக் கேட்கிறது" என்று பொய் சொல்லாதீர்கள். கேட்கவில்லை என்று ஒருவர் சொன்னால், சொல்லாமல் இருந்த இருபது பேருக்கும் சேர்த்துச் சொன்ன மாதிரி.

7. ரெக்கார்டிங், ஸ்கிரீன்ஷாட், ஏஐ

வகுப்பைப் பதிவு செய்வது ஆசிரியரின் முடிவு. போனைத் திரைக்கு எதிரே வைத்து எடுப்பதும் பதிவுதான். சக மாணவர் தூங்கும் முகத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டிக்கராக்குவது அன்று சிரிப்பாக இருக்கும். அவர் வேலை தேடும் நாளில் எங்காவது கிடந்து எட்டிப் பார்க்கும்.

கேஸ் படம் வரும்போது ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள். எடுத்தால் அது கேலரிக்குப் போகும், அங்கிருந்து தானாகவே கிளவுடுக்குப் போகும், வீட்டு டேப்லெட்டிலும் தெரியும். வேண்டுமானால் ஆசிரியரிடம் ஸ்லைடைக் கேளுங்கள்.

இப்போது புதிதாக ஒரு விருந்தாளி வருகிறார்: உங்களுக்குப் பதிலாக உள்ளே வந்து குறிப்பெடுக்கும் ஏஐ உதவியாளர். வகுப்பில் பேசுவது முழுவதும் ஒரு வெளி நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. அனுமதி கேட்காமல் அதை உள்ளே விடுவது, முன்பின் தெரியாத ஆளை ரவுண்ட்ஸுக்குக் கூட்டிவருவது போலத்தான். நோயாளியின் விவரத்தை சாட்பாட்டில் ஒட்டி "டயக்னோசிஸ் என்ன" என்று கேட்பதும் இதே வகை.

8. உடற்கூறு வகுப்பு

பிரேதப் பரிசோதனையும் டிஸெக்‌ஷனும் திரையில் வரும்போது பேச்சு கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது. செத்தவருக்கு என்ன தெரியப்போகிறது என்ற நினைப்பு. 1948-இல் உலக மருத்துவச் சங்கம் ஏற்ற ஜெனீவா உறுதிமொழியில், 1968 திருத்தத்தின்போது சில சொற்களைச் சேர்த்தார்கள்: நோயாளி நம்பிச் சொன்ன ரகசியத்தை, அவர் இறந்த பிறகும் காப்பேன் என்று. தைவானின் சூ சி பல்கலைக்கழகத்தில் உடல் தானம் செய்தவர்களை 'மௌன ஆசான்' என்று அழைக்கிறார்கள். ஆசானின் படத்தின் கீழே எமோஜி போடுவோமா?

9. கேலியும் கறுப்புச் சதுரமும்

உடல் பருமன், வலிப்பு, பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை), எச்ஐவி, மனநோய். இந்தத் தலைப்புகளில் ஒன்றை நடத்தும்போது, அந்த நோயோடு வாழும் ஒருவர் வகுப்பிலேயே இருக்கக்கூடும். நேரில் என்றால், ஒரு கேலிக்கு ஒருவர் முகம் வாடியதை யாராவது பார்த்திருப்பார்கள். ஆன்லைனில் அவர் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார், நமக்கு ஒன்றும் தெரியாது. "பைத்தியம்", "குண்டு" போன்ற சொற்களை வகுப்புக்குள் கொண்டுவராதீர்கள். "வலிப்புக்காரர்" என்பதற்குப் பதில் "வலிப்பு உள்ளவர்" என்று எழுத ஒரு நொடிகூடக் கூடுதலாக ஆகாது. யாராவது எல்லை மீறினால் சாட்டில் சண்டைக்குப் போகாதீர்கள். எழுதியவருக்குத் தனியாகச் சொல்லுங்கள். தொடர்ந்தால் ஆசிரியருக்குத் தெரியப்படுத்துங்கள்.

வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரிக்கும் பிரேக்அவுட் ரூமில் ஐந்து பேரைத் தள்ளிவிட்டதும் நான்கு பேர் அமைதியாகிவிடுவது வழக்கம். யாராவது ஒருவர், "நான் குறிப்பெடுக்கிறேன், நீங்கள் முதல் கேள்வியைப் பாருங்கள்" என்று சொன்னால் அந்த அமைதி உடைந்துவிடும். அந்த ஒருவர் நீங்களாகவே இருங்கள்.

10. நெட் போனால், வகுப்பு முடிந்தால்

துண்டிக்கப்பட்டுத் திரும்பி வந்தால் சத்தமில்லாமல் வாருங்கள். "சார், நெட் போயிடுச்சு சார்" என்று மைக்கில் சொல்ல வேண்டாம். தவறவிட்டதை அப்புறம் நண்பரிடம் கேட்டுக்கொள்ளலாம். நெட் மெதுவாக இருந்தால் முதலில் வீடியோவை நிறுத்துங்கள். ஒலிக்குத் தேவைப்படும் அளவு மிகக் குறைவு. நீங்கள் பிரசன்ட் செய்யும் நாளில் ஸ்லைடின் ஒரு பிரதியை ஒரு நண்பரிடம் கொடுத்துவைத்தால், உங்கள் நெட் போனாலும் வகுப்பு நிற்காது. அந்தப் பிரதியிலும் நோயாளியின் பெயர் இருக்கக் கூடாது.

முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டு வெளியேறுங்கள். சன்னல் நிஜமாகவே மூடிவிட்டதா என்று பார்த்துவிட்டு ஹெட்போனைக் கழற்றுங்கள். ஆசிரியரைப் பற்றிய விமர்சனம் அதற்கு அப்புறம். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து அன்றைய கேஸ் கோப்புகளை அழியுங்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு லேப்டாப்பை மூடுங்கள்.